ருசி பார்க்காத கை

ஜூன் 3, செவ்வாய்

கேன்டீன் வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்கக் கேக் வாசனை. மகள் சுட்டிருக்கிறாள். பதினைந்து வயதில் எனக்கு இந்தப் பதம் வந்ததில்லை. எனக்கு ஒரு துண்டு, அவள் அம்மாவுக்கு ஒரு துண்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு. தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "வாசனையிலயே வயிறு நிறைஞ்சிடுச்சுப்பா" என்றாள். சிரித்துவிட்டேன். நானும் அதைத்தானே சொல்வேன்? நாள் பூராவும் அடுப்படியில் நிற்பவனுக்குச் சாப்பாடு இறங்காது. என் ரத்தம், வேறெப்படி இருக்கும்.

ஜூன் 11, புதன்

தொழிலுக்கு வாரிசு வந்தாச்சு என்று கேன்டீனில் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தேன். காய் நறுக்கும் அக்கா மட்டும், புள்ள ஒழுங்கா சாப்பிடுதா என்று கேட்டாள். கேட்ட விதம் பிடிக்கவில்லை. சமைக்கத் தெரிந்தவளுக்குச் சாப்பிடத் தெரியாதா?

ஜூன் 20, வெள்ளி

குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தில் கொத்தாக மகளின் முடி. மனைவி எடுத்துக் காட்டினாள். தண்ணீர் சரியில்லை என்றேன். இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அலைகிறாளே என்றாள். ஃபேஷன் என்றேன். பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று தினமும் சொல்கிறாளாம். வளர்கிற பிள்ளை, தோழிகளோடு சாப்பிடுவாள் என்றேன். எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

பக்கத்து அறையில் மகள் நடக்கிறாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவருக்குச் சுவர். உட்கார்ந்து படிம்மா என்றதற்கு எரிந்து விழுந்தாள். கதவு சாத்திய பிறகும் அந்தக் காலடிச் சத்தம்.

ஜூலை 6, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை—

அவள் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன், பெருமையாகத்தான். உப்புப் போட்டாள். கிளறினாள். யோசித்தாள். மறுபடியும் போட்டாள். ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கவில்லை. கையில் சூப் தெறித்தது. யாராக இருந்தாலும் நக்கியிருப்பார்கள். இவள் குழாயடிக்கு ஓடிப்போய், சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

எந்தச் சமையல்காரன் ருசி பார்க்க மாட்டான்? எனக்குச் சாப்பாடு இறங்காதுதான். ஆனால் காலையிலிருந்து கரண்டி கரண்டியாக வாய்க்குள் போய்க்கொண்டே இருக்கிறதே. அதை எப்படி மறந்தேன்? இவளுக்கு வயிறு நிறையவில்லை. சாப்பாட்டைக் கண்டு பயம். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்து இவள் பசியாறிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டாள். அந்த மணிக்கட்டு. எப்போலேர்ந்து இப்படி இருக்கு? நான் எங்க போயிருந்தேன்? இதே அடுப்படியிலதானே நின்னேன்.

ஜூலை 7, திங்கள்

கேட்டேன். கேட்ட விதம் தப்பு. என்ன கோலம் இது, எலும்பும் தோலுமா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் குறைஞ்சா போதும்ப்பா."

அது என் பெண்ணின் குரலாகவே இல்லை. வீட்டுக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றேன் மனைவியிடம். "பரீட்சை எழுதப் புள்ள வேணும்ல?" என்றாள். உடனே போன் செய்து வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரம்மா உட்காரவைத்தும் நிற்கவைத்தும் நாடி பார்த்தார். நாடி மெதுவாக ஓடுகிறதாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மகளை வெளியே அனுப்பாமல் அவள் முன்னாலேயே சொன்னார். "இது பிடிவாதம் இல்ல, நோய். யார் மேலயும் தப்பு இல்ல. ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்துட்டீங்க, அது நல்லது."

வாராவாரம் இங்கே வர வேண்டும். மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். கொஞ்ச காலத்துக்கு அவள் சமைக்க வேண்டாம். சாப்பிடும்போது வீட்டில் ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உடம்பைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, பாராட்டாகக்கூட.

வழி நெடுக அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 23, புதன்

ரொட்டியைத் தூளாகப் பிய்க்கிறாள். அழுகிறாள். நான் எதிரே உட்கார்ந்து விழுங்குகிறேன், மண்ணை விழுங்குவதுபோல. "உங்கள எனக்குப் பிடிக்கவே இல்ல" என்றாள் இன்று. நோய்தான் அப்படிப் பேசும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சொன்னது என் பெண்ணின் வாய்தானே. வலிக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

இன்னும் நடக்கிறாள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மாலையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி தலை குனிந்திருந்தாள்.

"அப்பா... பசிக்குது."

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் பிழைப்பு நடத்துகிறேன். இன்று அதைக் கேட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன கொடுப்பது? எவ்வளவு? முகத்தில் சந்தோஷத்தைக் காட்டலாமா? ரொட்டியில் வெண்ணெய் தடவி, இரண்டு பேருக்குமாக மேஜைக்கு எடுத்துப் போனேன். பாதி சாப்பிட்டாள். மீதியைத் தள்ளிவைத்துவிட்டு, விரலில் ஒட்டிய வெண்ணெயைத் துண்டில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அந்தப் பயம் இன்னும் எங்களோடுதான் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

நாளைக்கு டாக்டரம்மாவிடம் போக வேண்டும். கிளம்ப வேண்டிய நேரத்தை அவளே ஞாபகப்படுத்திவிட்டுப் படுக்கப் போனாள்.