நாற்பத்தெட்டு நாள் விரதம்

வில்லியனூர்த் தேர் நிலையை விட்டு நகராத வருசம் அது. சாராயக் கடைக்கும் பூட்டு, கோயிலுக்கும் பூட்டு. அந்த வருசத்து மருந்துக் குழாய் ஒன்று இன்று காலை உன் புடவைப் பெட்டியிலிருந்து விழுந்தது. கடைசிவரை பிதுக்கிச் சுருட்டியிருந்தாய். "இது இன்னா மருந்துப்பா?" என்றாள் நம் மகள். சேற்றுப்புண்ணுக்கு என்று பொய் சொன்னேன். எனக்கு எழுத்து வராது. நம் ஊர் நர்சம்மாவை உட்கார வைத்துச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். அவள் கேட்காத சங்கதி இதில் ஒன்றுமில்லை.

கல்யாணமான சில வருசத்திலேயே உனக்குச் செவ்வாய், வெள்ளி விரதம் வந்துவிட்டது. விரத நாளில் உன் பாய் தனி. கொரோனா வந்து நான் வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தபோது, ஒரேயடியாக நாற்பத்தெட்டு நாள் என்றாய். எனக்குப் பெருமை. "ஊருக்குச் சீக்கு வரக் கூடாதுன்னு எம் பொண்டாட்டி விரதம் இருக்கா" என்று குழாயடியில் தள்ளித் தள்ளி நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வந்த நர்சம்மா அதைக் கேட்டுப் பயந்துபோய் உன்னிடம் வந்தாள். நான் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான்.

"இந்த நேரத்துல பட்டினி கெடந்தா ஒடம்பு தாங்காதும்மா."

"யாரு பட்டினி? மூணு வேளையும் துன்றேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு விரதம்?"

உன் குரல் தணிந்தது: "மூணாவது புள்ள பொறந்ததுலேர்ந்து அந்தாளு கிட்ட வந்தா நோவும்மா, உசுரு போவும். இப்ப ரத்தம் வேற படுது. முன்னெல்லாம் வாரத்துல ரெண்டு நாளு சாமி காப்பாத்துச்சு. இப்ப நாளெல்லாம் வூட்லயே கெடக்குது."

வாளியைக் கீழே வைத்தேன். குடித்து அடித்தவனில்லை, இன்னொருத்தியைப் பார்த்தவனில்லை. நல்ல புருசன் என்று எனக்கு நானே பட்டம் கட்டியிருந்தேன். மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கேட்டேன். "ஏண்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்த கேட்டியா?" என்றாய். "ஒங்க அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. நோவுதுன்னா ஆம்பள கேக்க மாட்டான், சாமின்னா கேப்பான்னு. அவங்களுக்கு ஒங்கம்மா சொன்னதாம்."

அம்மாவுமா! அவளுடைய வெள்ளிக்கிழமையைப் பார்த்துத்தானே பக்தி என்றால் இன்னதென்று நான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் உன்னை வண்டியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூலக்குளத்தில் மறித்த போலீஸ்காரர் நர்சம்மா எழுதிய சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டரம்மா பார்த்து முடிக்கும்வரை எனக்கு உயிரில்லை. கட்டி கிட்டி ஒன்றுமில்லை, பழைய தையல் சரியாக ஆறவில்லை, வறண்டு புண்ணாகியிருக்கிறது, களிம்பு போட்டால் சரியாகும் என்றாள். ஒரு களிம்பு!

அதற்கப்புறம் நானாக உன்னைக் கூப்பிடவில்லை. மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் நீயேதான் கதவைச் சாத்திவிட்டு வந்தாய். "நோவுதா?" என்றேன். "இல்ல." மறுபடியும் கேட்டேன். "எத்தினி தபாய்யா கேப்ப, வாய மூடு" என்று சிரித்தாய். அந்த நேரத்தில் நீ சிரித்து அதுவரை நான் கேட்டதேயில்லை. உனக்கு மாரடைப்பு வரும்வரை மூன்று வருசம் கிடைத்தது நமக்கு. அதற்கு முந்தைய முப்பத்தாறை நினைத்தால் இப்போதும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

போன வெள்ளிக்கிழமை பூரணாங்குப்பம் போனேன். அக்கா மீன் குழம்பு ஊற்றித் தின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கு விரதமில்லியா?" என்றேன்.

"ஒங்க மாமா போனதோட அதுவும் போச்சுடா" என்றாள், முள்ளை எடுத்துக்கொண்டே.

அம்மா இல்லை. நீ இல்லை. நம் வீட்டில் அந்த விரதம் இருந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான், என் அக்கா அஞ்சலை.