கடப்பாரை பட்டியலில் இல்லை

செவ்வாய்க் கிரகம், நாள் 212. காலை 06:40. தலைமை முகாம், வண்டிக் கொட்டகை.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். எழுதுவது ரிக் அர்த்தநாரி. ஊர் திருச்செங்கோடு. படிப்பு எட்டாவது. போட்ட போர்வெல் பதினோராயிரம், ஒன்றிரண்டு குறையலாம். ஒரு கிணற்றில் தண்ணீர் பீறிட்ட வேகத்தில் மேலே போன விமானமே வழிமாறிப் போயிற்று. விசாரித்துப் பாருங்கள்.

வேலை இது. வடக்கே 140 கிலோமீட்டரில் பனிக்கட்டி தோண்டும் முகாம். அங்கே காற்று இயந்திரத்தின் மோட்டார் கருகிவிட்டது. நான்கு பேருக்கு நாளை முடியும்வரைதான் மூச்சுக்காற்று. மாற்று மோட்டாரை நான் கொண்டுபோகிறேன். அந்த நால்வரில் ஒருத்தி, முகாமின் பொறியாளர் மரகதம், என் அக்கா மகள்.

வண்டியின் அவசரப் பெட்டிக்குப் பட்டியல் போட்டவளும் அவள்தான். இருபத்திரண்டு சாமான். பெட்டியோ ஒரு ஆட்டுக்குட்டி படுக்கிற அளவு. அதில் கடப்பாரையும் இல்லை, பாரம் இழுக்கும் செயின் பிளாக்கும் இல்லை! எனவே இரும்புக் குழாய்க் கவ்விகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அவை இரண்டையும் ஏற்றினேன். கவ்விக்குப் பதில் லாரி டியூபை வெட்டிய ரப்பர் நாடா ஒரு சுருள். முப்பது வருடமாக ஒழுகிய எதையும் அதை வைத்துத்தான் கட்டினேன். ஏர் பைப், ரேடியேட்டர் ஹோஸ், ஒருமுறை என் விலா எலும்பு.

வானொலி, 06:55.
மரகதம்: "ஏனுங் மாமா, கடப்பாரையாமா? செவ்வாய்க்கு வந்து வாழைக்குக் குழி தோண்டப் போறீங்ளா?"
நான்: "அம்மிணி, நீ பொறக்கறதுக்கு முன்னாலயே ரிக்க மலையேத்துனவன் நான். கடப்பாரை இல்லாத வண்டி வண்டியே இல்ல, தொட்டில்."
மரகதம்: "கவ்விப் பொட்டி இருக்குதுங்ளா?"
நான்: "எல்லாம் இருக்குது சாமி."

நாள் 212. மாலை 16:50. 61-ஆவது கிலோமீட்டர்.

மணல் பள்ளம். வண்டி மூக்கு குத்தி இறங்கிவிட்டது. சரிவு எழுபது டிகிரி. கருவி 22 என்று காட்டுகிறது. கருவிக்கு என்ன தெரியும்?

பட்டியலில் இருந்த இழுவைக் கயிறு இருந்தது. எதில் கட்டுவது? இங்கே புளியமரமா நிற்கிறது? கடப்பாரையைப் பாறை இடுக்கில் அடித்து இறக்கி, செயின் பிளாக்கை மாட்டி, ஒரு மணி நேரம் இழுத்தேன். ஏறிவிட்டது. மரகதத்துக்குச் சொன்னேன். "செரி, ஒண்ணுக்கு ஒதவுச்சு" என்றாள். அவள் வாயிலிருந்து அது பத்மஸ்ரீ.

பின் இடது சக்கரம் மட்டும் வளைந்துவிட்டது. ஆறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பல் கழன்று விழுகிற மாதிரி ஆடுகிறது. இன்று இங்கேயே நிறுத்தம்.

நாள் 213. பகல் 13:20. 109-ஆவது கிலோமீட்டர்.

வண்டிக்கு அடியில் ஆக்சிஜன் குழாய் வெடித்திருக்கிறது. அந்தச் சக்கரத்தின் ஆட்டம்தான். இறங்கி ரப்பரைச் சுற்றினேன். இழுத்தேன்.

கண்ணாடி மாதிரி உடைந்தது. இன்னொன்று. அதுவும் உடைந்தது. வெளியே மைனஸ் எழுபது. நம் ஊர் வெயிலில் அல்வாவாக இழுபடுகிற ரப்பர், இந்தக் குளிரில் அப்பளம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

கவ்வி இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

வண்டியின் இரண்டு ஆக்சிஜன் தொட்டியும் காலி. மிச்சம் என் உடுப்பில் உள்ள காற்று, நான்கு மணி நேரம். முகாமுக்கு இன்னும் 31 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்துக்கு மேல். எட்டாவது படித்தவனுக்கும் அந்தக் கணக்கு வரும். போகிறேன்.

வானொலி, 13:30.
மரகதம்: "மாமா, எப்படிங்க போய்ட்டிருக்குது?"
நான்: "தேர் மாதிரி."

நாள் 213. 15:50.

மரகதத்திடம் சொல்லிவிட்டேன். கவ்வியை அலமாரியிலேயே விட்டு வந்ததையும், அவளிடம் பொய் சொன்னதையும்.

மரகதம்: "எப்ப ஆச்சுங்?"
நான்: "ஒண்ணேகாலுக்கு."
மரகதம்: "ரெண்டரை மணி நேரமா தேரு ஓட்டுனீங்ளா? முன்னாலயே சொல்லியிருந்தா எதுருல வந்திருப்பனே!"
நான்: "வராத. உங்ககிட்ட இருக்கற காத்து பத்தாது."
மரகதம்: "சிலிண்டர் எடுத்தாச்சு. நடந்துட்டே பேசறேன். நீங்க பேசாதீங்க, காத்து செலவாகும்."

திமிர் பிடித்தவள். எங்கள் வம்சம்.

நாள் 213. 17:05.

தலை கனக்கிறது. எழுத்து கோணலாகும். பொறுத்துக்கொள்ளவும்.

முகாமின் சமிக்ஞையைப் பிடித்து வண்டி தானே வழி பார்த்துப் போகும். ஆனால் வேகக் கைப்பிடியை ஒரு கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை விட்டால் வண்டி நிற்கும். பாதுகாப்பு ஏற்பாடாம். நான் மயங்கினால் மோட்டார் இங்கேயே நிற்கும், நான்கு பேர் அங்கே.

நிற்காது. கடப்பாரையைக் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டேன். எந்தப் பொறியாளரும் யோசிக்கவில்லை இதை. அர்த்தநாரி யோசித்தான்.

அம்மிணி, வண்டி நிக்காது. கூடவே ஓடி வந்து ஏறி, கடப்பாரைய உருவு.

17:18.

பட்டியலைத் திருத்தி எழுதுகிறேன். அடுத்து வருகிறவன் படிக்கட்டும்.
ரப்பர் நாடா: வேண்டாம்.
கவ்வி: கட்டாயம். நான் சொன்னதாகவே போடு.
கடப்பாரை: இதை நீக்குகிறவன் கையை ஒடி
போர்வெல் பதினோராயிரம் இல்லை. நாலாயிரம். அதுவும் சும்மா இல்லை, நாலா

வண்டியின் தானியங்கிப் பதிவு.

17:20. ஓட்டுநர் உடுப்பில் காற்று 0. வேகம் 6.
17:26. வேகம் 6.
17:31. வெளிக்கதவு திறந்தது. வேகம் 6.
17:32. வேகம் 0.
17:33. ஓட்டுநர் உடுப்பில் புதிய சிலிண்டர் இணைப்பு.

வானொலி, 17:35.
மரகதம்: "கடப்பாரை கைல இருக்குதுங் மாமா. மோட்டாரும் பத்திரம். கண்ணத் தொறங்க. என்னத் திட்டுங்க... மாமா... ஏதாச்சும் ஒரு பொய்யச் சொல்லுங்க."