கனடாவுக்குப் போகும் கசெற்றில் என் குரல்

வவுனியா
ஆவணி 1994

அன்பான அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? அப்பா கடலுக்குப் போகிறாரா?

வீடியோக் கடையில் வேலை பழகுகிறேன். படம் எடுக்கும்போது கை ஆடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது; கமராவுக்குப் பக்கத்தில் இருப்பவனின் குரல்தான் பெரிதாகப் பதியும் என்று முதலாளி அல்பேர்ட் அண்ணை சொல்லித் தந்திருந்தார்.

போன சனிக்கிழமை பிறின்சி என்ற பிள்ளையின் கலியாணத்தை முதன்முதலாகத் தனியே எடுத்தேன். கசெற் கனடாவிலிருக்கும் அவளுடைய தமையனுக்குப் போகிறது. தாயாரிடம், "மகனோட கதையுங்கோ" என்றேன். அவர் கமராவையே பார்த்தபடி, "மோனை, தலைக்கு எண்ணெய் வைக்கிறனியோ?" என்று கேட்டார்.

"ஓமம்மா, வைக்கிறனான்" என்று நான் சொல்லிவிட்டேன்.

கசெற்றைப் போட்டுப் பார்த்த அண்ணை, "உனக்கு வாய் சும்மா இருக்காதோ?" என்று ஏசினார். திரும்ப எடுக்க அந்தத் தாயார்தான் சம்மதிக்கவில்லை. "அதுவும் ஆரோ பெத்த பிள்ளையின்ர குரல்தானே, கிடக்கட்டும்" என்றார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் வாசலில் அவசரப்படுகிறார். அவர் திரும்பும்போது, நீங்கள் காய்ச்சும் எண்ணெயில் ஒரு சின்னப் போத்தில் கொடுத்துவிடுங்கள். கசெற்றில் நான் சொன்னது பொய்.

உங்கள் மகன்
யூட்சன்