என் குதிகாலுக்கு உங்கள் சம்மதம்

வேலப்பன்சாவடி விடுதி

அன்புள்ள வாப்பாவுக்கு ஷாகிதாவின் ஸலாம். உம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? எனக்குக் குதிகால் தசைநார்தான் இன்னும் அடம்பிடிக்கிறது, மற்றபடி நலம்.

நேற்று எங்கள் கோச் மோகன் சார் என்னை டாக்டரிடம் அழைத்துப்போனார். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் அடக்குமாம், ஆனால் தசைநார் பலவீனமாகி அறுந்துபோகவும் கூடுமாம். என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடும் இன்னொரு ஊசிக்குப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியையே தொடர்கிறேன் என்றேன். சாருக்கு மாதக் கடைசி ஓட்டப்போட்டிதான் பெரிது. டாக்டரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"ஸ்டீராய்டே போட்டுடுங்க டாக்டர். இன்னாத்துக்கும்மா அயுவுற? உங்க நைனாவே போன்ல ஓகே சொல்ட்டாரு!"

கால் என்னுடையது வாப்பா! என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஊசி போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஐஸ் வைத்துக் கட்ட உங்கள் பழைய கைலி ஒன்று அனுப்புங்கள். எல்லோரும் மைதானத்துக்குப் போனபின் அறையில் நான் மட்டும்தான். சாப்பாட்டு மணி அடிக்கிறது. சார் மறுபடி கூப்பிட்டால், "அவகிட்ட கேளுங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஷாகிதா