பாதி வழியில் நின்ற நேர்த்தி

எல் ஒகோட்டல்,
மார்ச் 10, 1987

என் அக்கா எர்லிந்தாவுக்கு லாலா எழுதுவது.

முதலில் நல்ல செய்திகள். என் சின்னப் பேரன் எவரிஸ்தோ கணக்குப் பரீட்சையில் வகுப்பிலேயே முதல். பெரிய பேரன் லெயோகாதியோ வளர்த்த பூவுக்குச் சந்தையில் பரிசு; எவ்வளவு பெரிய பூ தெரியுமா, என் தலை அளவு. பேத்தி அம்பாரோவுக்கு அரசாங்கப் பள்ளியில் டீச்சர் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே, ஏழே மாதத்தில் பிறந்த அவள் குழந்தை ரொசாரியோவுக்கு, என் கொள்ளுப்பேத்திக்கு, ஒரு வயது முடிந்து நாலு பல்லும் வந்துவிட்டது.

குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன். பிழைத்து ஒரு வயது கண்டால், அந்த ஈஸ்டருக்குள் சால்மா ஆண்டவர் கோயிலுக்கு நடந்தே போய், ஊற்றடிப் பெரிய மரத்தில் அவள் படத்தைக் கட்டுகிறேன் என்று. ஊர்க்காரர்களோடு கிளம்பினேன். மூன்றாம் நாள் மலையில் காய்ச்சல் தள்ளிவிட்டது. தோமிதிலா என்று ஒரு புண்ணியவதி, சோளரொட்டி தட்டி விற்கிறவள், தன் வீட்டில் படுக்கவைத்திருக்கிறாள். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். டாக்டர், "நிமோனியா, பாட்டிம்மா. இன்னும் கொஞ்சம் நடந்தீங்கன்னா கோயிலுக்குப் போக மாட்டீங்க, நேரா ஆண்டவர்கிட்டயே போயிடுவீங்க" என்கிறார்.

பாதி வழியில் திரும்பினவள் கல்லாவாள் என்று அம்மா சொல்வாளே. நான் கல்லானால் ஆகட்டும். அந்தக் குஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நின்ற இடத்திலிருந்து சொந்த ரத்தம் நடந்து முடிக்கலாம் என்பதும் வழக்கம்தானே. ஒரு நாள் நடை. வருவாயா?

உன் தங்கை,
லாலா


தொலூகா,
மார்ச் 16

லாலா,

பதினெட்டு வருஷம் கழித்து ஒரு கடிதம், அதிலும் வேலை சொல்கிறாய். நான் சபை மாறி ஞானஸ்நானம் எடுத்த அன்று, "போடி அல்லேலூயா, நீ என் அக்காவே இல்ல" என்று தெருவே கேட்கக் கத்தினவள் யார்?

இத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவருக்கும் கால் இல்லையா?

மரத்துக்கும் சிலைக்கும் முன்னால் நிற்பது எங்கள் சபையில் விலக்கு. நான் வர முடியாது. குழந்தைக்காக ஜெபிக்கிறேன். நீ தைல இலை போட்டு ஆவி பிடி. மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு. பஸ் ஏறி வீட்டுக்குப் போ.

எர்லிந்தா


சோச்சிமில்கோ,
மார்ச் 25

அக்கா,

வீடு வந்து சேர்ந்தேன். லெயோகாதியோ அங்கே வந்து கூட்டிவந்தான். மீதி வழியை நடந்து முடிக்கச் சொன்னால், "அதெல்லாம் பழைய கதை பாட்டி" என்று சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே நடக்கிறவன் கட்டினால் அது நேர்த்தியா? அம்பாரோ புது வேலையில் லீவு கேட்க முடியாது. படத்தைத் தோமிதிலாவிடமே விட்டுவிட்டேன். திரும்பி எடுத்துவர மனம் வரவில்லை.

உன்னைக் கேட்டது தப்பு. உன் விசுவாசம் உனக்கு.

ரொசாரியோவுக்கு நேற்றிலிருந்து இருமல். சாதாரணச் சளி என்கிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லாலா


தொலூகா,
ஏப்ரல் 9

லாலா,

போய்விட்டு வந்தேன். உன் மரத்துக்காக இல்லை, உன் சாப்பாட்டுக்காக. இதை நன்றாக நினைவில் வை.

தோமிதிலா படத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பாதைத் திருப்பத்துக்குக் கூட்டிப்போய், "இங்கதான் உன் தங்கச்சி உட்கார்ந்துட்டா" என்று காட்டினாள். அங்கே ஒரு கல்லைப் பார்த்தேன். உன்னைப் போலவே உருண்டை, உன்னைப் போலவே சொன்னால் அசையாது. கல்லானவரைக் கோயில்வரை காலால் தள்ளிக்கொண்டு போனால் மறுபடி மனுஷியாவாள் என்றும் அம்மா சொல்வாள். நீ அதை மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. வழியெல்லாம் உதைத்துக்கொண்டே போனேன். சின்ன வயதிலிருந்தே ஆசை.

பின்னால் வந்த பையன்கள், "யாரு பாட்டி அது, மாமியாரா?" என்றார்கள்.

"தங்கச்சிடா. ஓரமாப் போங்க, அவளுக்கு இடிச்சா பிடிக்காது" என்றேன்.

இரண்டு தடவை சரிவில் உருண்டாய். இறங்கி எடுத்துவந்தேன். படத்தை மரத்தில் உயரமாகக் கட்டினேன், நீ கோயில் வாசலில் இருக்கிறாய். மரத்தடியில் எல்லாரும் தலையில் பூக்கிரீடம் வைத்து ஆடினார்கள். நான் ஆடவில்லை. கால் வலிக்கு இரண்டு எட்டு மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

போதகரிடம் நானே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது.

உன் அக்கா,
எர்லிந்தா


சோச்சிமில்கோ,
ஏப்ரல் 15

என் அக்காவுக்கு,

ரொசாரியோவின் இருமல் நின்றுவிட்டது. சளி தானாகவே போனது என்று டாக்டர் சொல்கிறார், சொல்லிக்கொள்ளட்டும். நான் இரண்டு வேளை சாப்பிடுகிறேன். இடது விலாவில் மட்டும் ஒரு வலி. நீ எந்தக் காலால் உதைத்தாய்?

ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவரில் எல்லார் படமும் இருக்கிறது. உன் படம் இல்லை. அன்றைக்குக் கோபத்தில் கழற்றிக் கிழித்துவிட்டேன். ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. எவரிஸ்தோவின் சான்றிதழைக்கூட அதில் மாட்ட விடவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதுப் படம் ஒன்று எடுத்து, உடனே தபாலில் அனுப்பு.

லாலா