வீட்டை விட்டுப் போகாதவளின் கதை

அன்புத் தெய்வானை,

"டீச்சர், நாவல்ல வர்ற பொம்பளைங்கெல்லாம் ஏனுங்க கடைசியில ஊட்ட உட்டுப் போயிர்றாங்க? இல்லீன்னா செத்துப் போயிர்றாங்க. அங்கயே இருந்துக்கிட்டு மாறறவ ஒருத்திகூட இல்லீங்களா?"

நம் வாசகர் வட்டத்தில் நீ இப்படிக் கேட்டாய். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், பதிலுக்கா பஞ்சம்? குடும்ப வழக்கம் ஒரு பக்கம் இழுக்கிறது, தான் யார் என்ற கேள்வி மறுபக்கம் இழுக்கிறது, நடுவில் நிற்பவளுக்கு வாசல்தான் வழி என்றேன். நீ தலையாட்டினாய். ஒப்புக்கொண்டாய் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நோட்டில் நீயே ஒரு கதை எழுதி வந்தாய். உன் கதைதான். நெருப்பெரிச்சல் ஊரில் உங்கள் பனியன் கம்பெனிப் பலகையில் உன் பெயர். காகிதத்திலும் முதலாளி நீதான். ஆனால் ஃபைல் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் உன் வீட்டுக்காரர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பார். பல வருடம் குறியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள், ஒருநாள் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறாள்.

"நாவல் படிக்கறவளுக்குக் கம்பெனிக் காயிதம் எதுக்கு?" என்கிறார் அவர்.

"நானூறு பக்கத்தையே படிச்சுப்போட்டனுங்க. இது நாலு பக்கந்தானுங்களே."

அவர் காத்திருக்கிறார். அவள் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள். பிறகு இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள். அவ்வளவுதான் கதை.

நான் அதன் கீழே என்ன எழுதித் தந்தேன், நினைவிருக்கிறதா? "முடிவு போதவில்லை. அவள் வெளியேறியிருக்கலாம்." சிவப்பு மையில் வேறு. அதன்பிறகு நீ எதுவும் எழுதவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

நீ கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. கம்பெனி இப்போது உன் மருமகள் நந்தினி பெயரில். உன் பீரோவில் இருந்த அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போன வாரம் அவள் என்னைப் பார்க்க வந்தாள். மாமனார் முதன்முதலாக ஃபைலைக் கொண்டுவந்து வைத்த அன்று, பேனாவைத் திறந்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாளாம். எதிலும் குறி இல்லை.

"எங்கீங்க மாமா போடறது?"

"படிச்சுட்டே வா கண்ணு, எடம் தானா வரும். உங்கத்தை அப்படித்தான் போடுவா."

உன் கதையின் முடிவு எனக்கு அப்போதுதான் கிடைத்தது, தெய்வானை. வெளியேறுகிறவளின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்தவளைத் தோற்றவள் என்று படித்தேனே, அதைத்தான் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு வட்டத்தில் உன் கதையை நானே படிப்பேன். ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். என் சிவப்பு வரியையும் சேர்த்தே படிப்பேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேலை: கடைசியாகப் படித்த நாவலை எடுத்து, அதில் வீட்டை விட்டுப் போகாத ஒருத்தி மறுநாள் காலை என்ன செய்தாள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

நீ டீச்சர் என்றே கூப்பிட்ட,
உன் அக்கா