ஓட்டையில்லாத கத்தரிக்காய்

சபிஹா,

கூடையில் இருக்கிற கத்தரிக்காயைத் தொடாதே. குழம்பும் வேண்டாம், வாஜித் டிபனுக்குப் பொரியலும் வேண்டாம். இடியாப்பம் வாங்கி ஹாட்பாக்ஸில் வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பாலை மட்டும் சுடவைத்துக்கொள்.

சுபுஹு தொழுததும் ரெட்டியார்சத்திரம் கிளம்பிவிட்டேன், சுருளிவேல் அண்ணன் தோட்டத்துக்கு. மருந்தடிக்காத காய் என்று சொல்லி இன்றைக்குத்தான் முதன்முதலாக முப்பது வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம். நேற்று கூடையைப் பார்த்து, "ஒரு காய்லகூட ஓட்டையில்ல, எம்புட்டு அழகாருக்கு" என்றாய். அதிலிருந்து எனக்கு அந்தக் காய் மேல் சந்தேகம். மருந்தே படாத தோட்டத்தில் பத்துக்கு இரண்டையாவது புழு துளைத்திருக்கும். அண்ணன் தன் வீட்டுச் சமையலுக்கென்று மருந்தடிக்காமல் விட்டிருக்கிற பாத்தியில்தான் பறிக்கச் சொன்னேன். பறித்தவர்கள் பாத்தி மாறிவிட்டார்களா, அண்ணனே பயந்து அடித்துவிட்டாரா, தெரியவில்லை.

காதர் பீவி மாமி காய் வாங்க வந்தால் சாயங்காலம் வரச்சொல். காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வேனோ.

நாசர்

ஸ்கூட்டர் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது.

இன்னொன்று. நான் வேலையை விட்ட கோபத்தில் நேற்று கேட்டாயே, "பதினோரு வருசம் அந்த வெவசாயிகளுக்குப் பூச்சி மருந்து வித்தீங்க, ஒரு நாளாச்சும் அங்கேருந்து காய் கொண்டாந்தீங்களா?" என்று. அவர்கள் பை பையாகக் கொடுக்கத்தான் செய்தார்கள். வருகிற வழியில் ஓடைப் பாலத்தில் நிறுத்திக் கொட்டிவிட்டு வருவேன். என்ன அடிக்கச் சொன்னேன் என்று எனக்குத் தெரியுமே.